காணிக்கையும் கஷ்ட நிவாரணமும்

கோவில் உண்டியலில் விழும் காசைப்பற்றி நாம் பல தடவை எழுதியிருக்கிறோம். மாதா கோவில் காணிக்கைத் தட்டில் விழும் காசும் அதே ஜாதியைச் சேர்ந்ததுதானா, அதில் ஒரு பாகம் வெள்ளத்திலும் புயலிலும் பஞ்சத்திலும் அடிபட்ட ஜனங்களுக்குச் சோறாகவும் துணியாகவும் போய்ச் சேருகிறதே, அதையும் கண்டிக்கத்தான் வேண்டுமா என்று நம் தோழர்களில் சிலருக்குச் சந்தேகம் தோன்றலாம். நியாயமான சந்தேகம்தான். பசித்தவனுக்குச் சோறு போடுகிறவன் எந்த மதக்காரனாயிருந்தாலும் அந்தச் செய்கை பாராட்டத் தக்கதே என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆனால் அது யார் காசு, யார் பேரால் கொடுக்கப்படுகிறது, யார் யாருக்குப் போய்ச் சேருகிறது, எதுவரைக்கும் உதவுகிறது என்ற நாலு கேள்விகளையும் கேட்காமல் விட்டுவிட நம்மால் முடியாது.

கிறிஸ்து மதத்தில் இது இன்று நேற்று ஏற்பட்ட வழக்கமல்ல. ஜெருசலேமில் கஷ்டப்பட்ட ஏழைகளுக்கென்று வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் தன் வரும்படிக்குத் தக்கபடி எடுத்து வைக்க வேண்டுமென்று பவுல் என்பவர் கொரிந்து பட்டணத்துச் சபைக்கு எழுதியதாக அவர்கள் வேதத்திலேயே காணப்படுகிறது. நம் தேசத்தில் 1947இல் பிரிவினையால் அகதிகளானவர்களுக்கு உதவி செய்யவென்று பிராட்டஸ்டண்டு முதலிய சபைகள் சேர்ந்து ‘காசா’ என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்தின. கத்தோலிக்கர்கள் 1962இல் ‘காரிதாஸ் இந்தியா’வை ஏற்படுத்தினார்கள். தவக்காலமாகிய 40 நாளில் வாயைக் கட்டி மிச்சம் பிடித்த காசை இதற்கென்று கோவில்தோறும் வசூலிக்கிறார்கள்.

2015 டிசம்பர் 1ந் தேதி பெய்த மழையை ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஜனங்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்து விடப்பட்டது. படப்பை, மணிமங்கலம், ஆதனூர் பக்கத்து ஏரிகளின் உபரி நீரும் அடையாற்றில் சேர்ந்து முடிச்சூர், வரதராஜபுரம் முதலிய இடங்களில் வீடுகளுக்குள் புகுந்தது. இந்தப் பக்கத்துப் பெரிய மோட்டார் தொழிற்சாலைகளும் வேலையை நிறுத்திக் கதவைச் சாத்தின. அந்தச் சமயத்தில் காரிதாஸ் முதலிய சபை ஸ்தாபனங்களும் உதவிக்கு வந்தன. மசூதிக்காரர்களும், கட்சிக்காரர்களும், ஒரு மதத்தையும் சேராத வாலிபர்களும் வந்தார்கள். இவர்களெல்லோரும் நம் நன்றிக்கு உரியவர்களே.

இதோடு கோவில் உண்டியலின் நிலைமையையும் ஒத்துப் பாருங்கள். 2018இல் கேரளத்தில் பெரு வெள்ளம் வந்தபோதும், பிறகு 2020இல் கொரோனா வந்தபோதும் குருவாயூர் தேவஸ்வத்தார் முதல் மந்திரியின் நிவாரண நிதிக்கு மொத்தம் 10 கோடி ரூபாய் கொடுத்தார்கள். 2020 டிசம்பரில் கேரள ஹைக்கோர்ட்டார் அது செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். காரணம் என்ன? அந்தச் சொத்து சாமியுடையதாம். சாமி சொத்தை எடுத்து வெள்ளத்தில் போனவனுக்குக் கொடுக்க நிர்வாகிகளுக்கு அதிகாரமில்லையாம். ஜட்ஜுகளின் பேரில் குற்றமில்லை. சட்டம் அப்படி இருக்கிறது. ஆனால் ஜனங்கள் போட்ட காசு ஜனங்களுக்கு ஆபத்து வந்தபோது வெளியே வர முடியாது என்றால், போட்டவனுக்கு அது என்ன பிரயோஜனம் என்றுதான் கேட்கிறோம். காணிக்கைத் தட்டுக்கும் உண்டியலுக்கும் உள்ள இந்த ஒரு வித்தியாசத்தை ஒப்புக்கொள்ளுவதில் நமக்கு ஆட்சேபணையில்லை.

நிற்க, முதல் இரண்டு கேள்விகளுக்கு வருவோம். காசு யாருடையது? ஆலையில் ‘ஷிப்டு’ பார்க்கிறவனும், செங்கல் சூளையில் வேகிறவளும் கொடுத்தது. பெயர் யாருக்கு? கடவுளுக்கு. 2015 வெள்ளத்தில் ஊரார் அனுப்பிய நிவாரணப் பொட்டலங்களின்மீது ஆளுங்கட்சித் தலைவியின் படத்தை ஒட்டினார்கள் என்று பத்திரிகைகளில் செய்தி வந்ததும், தேசமே சிரித்தது. எவனோ கொடுத்த அரிசிமேல் வேறொருவர் படம் ஒட்டுவது அசிங்கமென்றால், மனிதன் கொடுத்த அரிசிமேல் கடவுள் படம் ஒட்டுவது மட்டும் எப்படி அழகாகும்? 2004 டிசம்பர் 26ந் தேதி, கிறிஸ்துமசுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, வேளாங்கண்ணிக் கடற்கரையில் யாத்திரை வந்த ஜனங்கள் நூற்றுக் கணக்கில் செத்தார்கள். கோவிலுக்குள் மாத்திரம் அலை புகவில்லை, அது அற்புதம் என்று பிறகு பேசிக்கொண்டார்கள். கட்டடத்தைக் காப்பாற்றத் தெரிந்த சக்திக்குக் கும்பிட வந்த குழந்தைகளைக் காப்பாற்றத் தெரியவில்லையா? அன்று பிணம் எடுத்ததும், குழி வெட்டியதும், கஞ்சி காய்ச்சியதும் மனிதனுடைய கைகளே. அந்தக் கைகளுக்கு உரிய பெயரை அந்தக் கைகளுக்கே கொடுத்துவிட வேண்டுமென்பதே நமது வாதம்.

மூன்றாவது கேள்வி, யார் யாருக்குப் போய்ச் சேருகிறது என்பது. அதே 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கத்தில் தாழ்த்தப்பட்டவர்களை முகாம்களில் சேர்க்கவில்லை, தண்ணீர்த் தொட்டியைத் தொடவிடவில்லை, நிவாரணம் கடைசியாகவே வந்தது என்று பல குழுக்கள் விசாரித்து எழுதி வைத்தன. கடல் வந்து ஜாதி பாராமல் எல்லோரையும் அடித்துப் போட்ட பிறகுகூட, பிழைத்தவன் ஜாதி பார்த்தான் என்றால் இந்த நாட்டை என்னவென்று சொல்லுவது? சபைகளும் இதற்கு விலக்கல்ல. கத்தோலிக்க பிஷப்புகளே 2016இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில் சபைக்குள் தீண்டாமை இருக்கிறதென்று ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டது யோக்கியமான காரியம். ஆனால் தன் வீட்டுக்குள் ஜாதியை வைத்துக்கொண்டு வெளியே சமமாகப் பரிமாறுவது எவ்வளவு தூரம் சாத்தியம் என்பதை அவர்களே யோசிக்கட்டும். காணிக்கை முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் சேரியும், இருளர் குடிசையும், வடக்கேயிருந்து வந்து தகரக் கொட்டகையில் தங்கி வேலை செய்யும் கூலிகளுடைய இருப்பிடமுமேயாகும்.

கடைசிக் கேள்விதான் முக்கியமானது. உதவி எதுவரைக்கும்? இதற்குப் பதில் இதே செங்கற்பட்டுச் சீமையின் சரித்திரத்திலேயே இருக்கிறது. 1876 முதல் 1878 வரையில் தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சித் தொட்டி வைத்தார்கள். கஞ்சி குடித்தவன் பிழைத்தான்; பிழைத்துத் திரும்பவும் மிராசுதார் வீட்டுப் படியாளாகவே போனான். பிறகு ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரு, வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி என்ற இரண்டு பாதிரிகள் கஞ்சி மாத்திரம் போதாது, பறையனுக்கு நிலம் வேண்டும் என்று சர்க்காரை நெருக்கினார்கள். கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் உள்ள நிலைமையை உள்ளபடி எழுதினார். மிராசுதார்கள் எதிர்த்தும் 1892இல் நிலம் ஒதுக்க உத்தரவு பிறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் சொல்லுவது அதைத்தான். அதில் பெரும் பாகம் பிறகு பிறர் கைக்குப் போனது வேறு சங்கதி. எங்கேயோ சீமைக் கோவில்களில் விழுந்த காணிக்கையில் சம்பளம் வாங்கிய அந்த இரண்டு பேரும் செய்த வேலைகளில் இன்றைக்கும் பேசத் தக்கது எது? கஞ்சியா, நிலமா?

இதே கண்ணால் 2015 வெள்ளத்தையும் பார்க்க வேண்டும். அது வெறும் வருண பகவான் கோபமல்ல, மனிதர்களால் உண்டாக்கப்பட்ட ஆபத்து என்று சர்க்காரின் கணக்குத் தணிக்கை அதிகாரியே எழுதினார். 2018இல் அந்த அறிக்கை சட்டசபையில் வைக்கப்பட்டது. ஏரியைத் தூர்த்தும், கால்வாயை மறித்தும், நீர் போகும் வழியில் மனைக்கட்டு போட்டும் பணம் பண்ணியவன் ஒருவன். நனைந்த பாயோடு பள்ளிக்கூடத் திண்ணையில் படுத்தவன் வேறொருவன். முதல் ஆளைக் கேள்வி கேட்காமல் இரண்டாம் ஆளுக்கு வருஷா வருஷம் போர்வை கொடுப்பதில் தர்மம் இருக்கலாம், நீதி இல்லை. பெரிய கம்பெனிகளும் 2013ஆம் வருஷத்துச் சட்டப்படி லாபத்தில் நூற்றுக்கு 2 பங்கு சமூக காரியத்துக்குச் செலவிட வேண்டியதாயிருக்கிறது. அதுவும் ஒரு விதக் காணிக்கையே. கொடுக்கட்டும். ஆனால் ஆலை மூடிக் கிடந்த நாட்களுக்கு ஒப்பந்தக் கூலிக்குச் சம்பளம் உண்டா என்று கேட்டால், அது காணிக்கையல்ல, கடன் என்பதை அவர்கள் உணர வேண்டும்.

ஆகவே காணிக்கை கொடுக்கும் கிறிஸ்தவத் தோழர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். கொடுப்பதை நிறுத்த வேண்டாம். கொடுத்த காசுக்கு ஊர் ஊராகக் கணக்குக் கேளுங்கள். வாங்குகிறவனிடத்தில் ஜெபமும் ஜாதியும் கேட்கக்கூடாது என்று கண்டிப்புச் செய்யுங்கள். அரிசி கொடுத்த அதே ஆட்களைக் கொண்டு ஏரிக் கணக்கையும், பட்டாவையும், கூலிப் பாக்கியையும் கேட்கச் செய்யுங்கள். நம் தோழர்களுக்குச் சொல்லுவது, அடுத்த மழைக்கு முன்னே மதக்காரர்களுடன் சேர்ந்து கால்வாயைத் தூர் வாரவும் மனுக்கொடுக்கவும் வெட்கப்பட வேண்டாம் என்பது. எந்த நிவாரணம் அடுத்த வருஷம் நிவாரணம் வேண்டாதபடி மனிதனை நிமிர்ந்து நிற்கச் செய்கிறதோ அதுவே உண்மையான நிவாரணம் என்பது நமது அபிப்பிராயம்.