ஒரே கடையை நம்பிய வீடு

 

நான் மத்ரஸாவில் ஓதிக்கொண்டிருந்த நாட்களில் எங்கள் சமையற்கூடத்திற்கு அரிசி ஒரே வணிகரிடமிருந்துதான் வந்துகொண்டிருந்தது. விலை குறைவு, கடனுக்கும் தருவார். வேறு கடை எதற்கு என்று அனைவரும் இருந்துவிட்டோம். ஒரு நாள் அவருக்கும் எங்கள் நிர்வாகத்திற்கும் ஏதோ மனத்தாங்கல். அரிசிக்கும் அந்த விவகாரத்திற்கும் எள்ளளவும் தொடர்பில்லை. ஆயினும் மறுநாள் மூட்டை வரவில்லை. அறுபது மாணவர்களின் பகலுணவு அன்று கஞ்சியாயிற்று. மலிவு என்பது வேறு, பாதுகாப்பு என்பது வேறு என்பதை அன்றுதான் நாங்கள் உணர்ந்தோம்.

அதன்பின் எங்கள் நாஜிர் ஹஜ்ரத் அவர்கள், அறுவடைக் காலத்தில் நன்கொடையாக வரும் நெல்லை நாமே அரைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்து, கொல்லைப்புறத்தில் சிறியதோர் அரைவை இயந்திரத்தை நிறுவினார்கள். அரிசிக் கவலை தீர்ந்தது. ஆனால் வேறொரு கவலை பிறந்தது. அது என்னவென்பதை முடிவில் சொல்கிறேன். ஏனெனில், இன்று உலகின் பெரிய அரசாங்கங்கள் எல்லாம் எங்கள் மத்ரஸா அன்று நின்ற அதே இடத்தில்தான் நிற்கின்றன.

'முக்கியக் கனிமங்கள்' என்னும் சொல்லை நீங்கள் செய்தித்தாள்களில் பார்த்திருப்பீர்கள். இதற்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உங்கள் கைப்பேசியின் மின்கலத்தில் லித்தியம் இருக்கிறது. அதன் ஒலிபெருக்கியில் நியோடிமியம் கலந்த காந்தம் இருக்கிறது. பிள்ளைகள் கேட்கும் மின்சார ஸ்கூட்டர், குறைந்த மின்சாரத்தில் சுழலும் புதுவகை மின்விசிறி, காற்றாலை, மருத்துவமனைக் கருவிகள், போர் விமானங்கள் ஆகிய அனைத்திலும் இத்தகைய உலோகங்கள் உள்ளன. நியோடிமியம், டிஸ்புரோசியம் போன்ற 17 தனிமங்களை 'அருமண் தனிமங்கள்' என்பர். பெயரில் அருமை இருந்தாலும் இவை பூமியில் அத்தனை அரியவை அல்ல. இவற்றைப் பிரித்தெடுப்பதுதான் அரிய காரியம். ஒன்றையொன்று ஒத்த குணமுடைய இவற்றைத் தனித்தனியாக்க, அமிலங்களிலும் கரைப்பான்களிலும் நூற்றுக்கணக்கான முறை கழுவிக் கழுவிப் பிரிக்க வேண்டும். கழிவும் மிகுதி, அதில் கதிரியக்கம் உடைய தோரியமும் சேர்ந்திருப்பதுண்டு.

இந்தக் கடினமான வேலையைப் பல ஆண்டுகளாகச் சீனா மலிவாகச் செய்து தந்தது. ஏனைய நாடுகள் தத்தம் சுரங்கங்களையும் ஆலைகளையும் மூடிவிட்டு, அந்த ஒரே கடையில் வாங்கத் தொடங்கின. 2010ஆம் ஆண்டில் உலகின் அருமண் உற்பத்தியில் 90 விழுக்காட்டுக்கும் மேல் சீனாவுடையதாக இருந்தது. ஜப்பானின் தேவையிலும் ஏறத்தாழ 90 விழுக்காடு அங்கிருந்தே வந்தது.

அவ்வாண்டு செப்டம்பர் 7 அன்று, இரு நாடுகளும் உரிமை கோரும் சென்காகு தீவுகளின் அருகே, சீன மீன்பிடிப் படகொன்று ஜப்பானியக் கடலோரக் காவற்படைக் கப்பல்களுடன் மோதியது. படகின் தலைவரை ஜப்பான் காவலில் வைத்தது. சில நாட்களில் ஜப்பானுக்கு வரவேண்டிய அருமண் சரக்குகள் சீனத் துறைமுகங்களிலேயே தங்கிவிட்டன! தாங்கள் தடை ஏதும் விதிக்கவில்லை என்று சீன அரசு கூறியது. ஆயினும் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் வரத்து முடங்கியது. உலகச் சந்தையில் விலை ஏறியது. 2011இல் சில உலோகங்கள் பத்து மடங்குக்கும் மேலான விலைக்கு விற்றன. மீன்பிடிப் படகுக்கும் காந்தத்திற்கும் என்ன தொடர்பு? எங்கள் மத்ரஸா விவகாரத்திற்கும் அரிசிக்கும் இருந்த அதே தொடர்புதான்!

அடிபட்ட ஜப்பான் என்ன செய்தது என்பது படிக்கத்தக்க பாடமாகும். அதே ஆண்டு இறுதிக்குள் 10,000 கோடி யென் ஒதுக்கி, ஒன்றல்ல, பல வழிகளில் ஒரே நேரத்தில் இறங்கியது. முதலாவது, பயன்பாட்டைக் குறைத்தல். ஹோண்டா நிறுவனம் டெய்டோ ஸ்டீல் நிறுவனத்துடன் சேர்ந்து, டிஸ்புரோசியம் போன்ற கன அருமண் தனிமங்களே இல்லாத காந்தத்தைக் கலப்பின வாகனங்களுக்காக 2016இல் அறிவித்தது. இரண்டாவது, பழைய பொருட்களிலிருந்து மீட்டெடுத்தல். மூன்றாவது, வேறு கடை தேடுதல். ஜோக்மெக் என்னும் அரசு நிறுவனமும் சோஜிட்ஸ் என்னும் வணிக நிறுவனமும் 2011இல் ஆஸ்திரேலியாவின் லைனாஸ் நிறுவனத்திற்கு 25 கோடி டாலர் வழங்க ஒப்புக்கொண்டன. நான்காவது, சேமித்து வைத்தல். அரிய உலோகங்கள் சிலவற்றை இருப்பு வைக்கும் வழக்கம் ஜப்பானில் 1983 முதலே உண்டு. ஐந்தாவது, வழக்காடுதல். அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் ஜப்பானும் 2012இல் உலக வர்த்தக அமைப்பில் தொடுத்த வழக்கில் 2014இல் தீர்ப்பு சீனாவுக்கு எதிராக அமைய, 2015இல் சீனா ஏற்றுமதி ஒதுக்கீட்டு முறையைக் கைவிட்டது.

பத்தாண்டுகளில் சீனாவை ஜப்பான் சார்ந்திருந்த அளவு ஏறத்தாழ 60 விழுக்காடாகக் குறைந்தது. முழு விடுதலை அன்று. 2025 ஏப்ரலில் ஏழு அருமண் தனிமங்களுக்குச் சீனா ஏற்றுமதி உரிமத்தைக் கட்டாயமாக்கியபோது ஜப்பானிய ஆலைகளும் தடுமாறவே செய்தன. ஆயினும் அடுத்த மாதமே லைனாஸ் தன் ஆலையில் டிஸ்புரோசியத்தைப் பிரித்தெடுத்துக் காட்டியது. பதினான்கு ஆண்டுகள் பொறுமையுடன் நீர் ஊற்றிய மரம் காய்த்தது என்று சொல்லலாம்.

இவ்வளவும் பாராட்டத்தக்கதே. ஆனால் சகோதரர்களே, கதையின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அந்த லைனாஸ் ஆலை எங்கே இருக்கிறது? கனிமம் வெட்டப்படும் ஆஸ்திரேலியாவிலும் அன்று. அதனைப் பயன்படுத்தும் ஜப்பானிலும் அன்று. மலேசியாவின் குவாந்தான் நகருக்கு அருகே கெபெங் என்னுமிடத்தில் அமைந்தது. 2011, 2012ஆம் ஆண்டுகளில் அவ்வூர் மக்கள் ஆயிரக்கணக்கில் வீதிக்கு வந்து எதிர்த்தனர். ஏன் எதிர்த்தனர்? அவர்களுக்கு ஒரு பழைய நினைவு இருந்தது.

ஈப்போ நகருக்கு அருகில் புக்கிட் மேரா என்றொரு சிற்றூர். ஜப்பானிய மிட்சுபிஷி குழுமம் பங்குதாரராயிருந்த 'ஏஷியன் ரேர் எர்த்' ஆலை 1982இல் அங்கே தொடங்கப்பட்டது. வெள்ளீயச் சுரங்க மண்ணில் எஞ்சிய கனிமத்திலிருந்து அருமண் எடுப்பது அதன் வேலை. தோரியம் கலந்த கழிவு ஊருக்கு அருகிலேயே கொட்டப்பட்டது. தங்கள் பிள்ளைகளுக்கு நேர்ந்த இரத்தப் புற்றுநோய்க்கும் பிறவிக் குறைகளுக்கும் அதுவே காரணம் என்று மக்கள் கூறினர், ஆலையினர் மறுத்தனர். 1985இல் தொடங்கிய வழக்கில் 1992இல் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை மூட ஆணையிட்டது. மேல்முறையீட்டில் 1993இல் அந்தத் தீர்ப்பு மாறியது. எனினும் 1994இல் நிறுவனம் தானாகவே ஆலையை மூடிவிட்டது. அவ்விடத்தைத் துப்புரவு செய்யும் பணியோ பல்லாண்டுகள் நீண்டது. ஒரு நாட்டின் தொழிலுக்கு மூலப்பொருள் கிடைத்தது. இன்னொரு நாட்டின் சிற்றூருக்குக் கழிவு கிடைத்தது!

இப்போது நம் நாட்டிற்கு வருவோம். நம் கடற்கரைக்கும் இந்தக் கதையில் பழைய பங்கு உண்டு. கலியாண ஊர்வலங்களில் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டில் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அதன் வெள்ளொளிக்குக் காரணம் தோரியம். 1909ஆம் ஆண்டில் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து சென்ற தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்னும் கனிமம் இருப்பதைக் கண்டார். அந்த மணலைத் தேடி வந்து, இன்றைய குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் ஆலை அமைத்தார். அந்த மோனசைட்டில் தோரியத்தோடு அருமண் தனிமங்களும் உள்ளன. இந்திய அருமணல் நிறுவனம் 1950 முதல் அரசு சார்பில் இப்பணியைச் செய்து வருகிறது. நம் மணலிலிருந்து எடுத்த அருமண் பொருள் ஜப்பானுக்கே ஏற்றுமதியாகி வந்ததும் உண்டு. மணல் நம்மிடம், காந்தமோ சீனாவிடமிருந்து! 2025இல் சீனா கதவை இறுக்கியபோது நம் வாகன ஆலைகளும் காந்தத்திற்காகத் தவித்தன.

இந்திய அரசும் விழித்துக்கொண்டிருக்கிறது. 2019இல் வெளிநாட்டுச் சுரங்கங்களைத் தேடுவதற்கென காபில் என்னும் நிறுவனம் உருவாக்கப்பட்டது. 2024 ஜனவரியில் அது அர்ஜென்டினாவின் கடமார்க்கா மாகாணத்தில் ஐந்து லித்தியம் வயல்களுக்கு ஒப்பந்தம் செய்தது. 2023இல் 30 முக்கியக் கனிமங்களின் பட்டியல் வெளியிடப்பட்டது. சுரங்கச் சட்டமும் திருத்தப்பட்டது. 2025 ஜனவரியில் 16,300 கோடி ரூபாயில் தேசிய முக்கியக் கனிமங்கள் இயக்கத்திற்கு அமைச்சரவை ஒப்புதல் வழங்கியது. அதே ஆண்டில் மறுசுழற்சிக்கு 1,500 கோடியும், காந்த உற்பத்திக்கு 7,280 கோடியும் அறிவிக்கப்பட்டன. இவை தேவையான செயல்களே. பிறர் தயவில் வாழும் நாடு, பேச வேண்டிய இடத்தில் பேச முடியாது.

ஆனால் இங்கேதான் என் நெஞ்சை உறுத்தும் செய்தி இருக்கிறது. குமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்தில் மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு முதலிய ஊர்களில் 1,144 ஹெக்டேர் பரப்பில் மணல் எடுக்க அருமணல் நிறுவனம் முனைந்தது. 2024 அக்டோபர் 1 அன்று நடக்கவிருந்த மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம், எதிர்ப்பின் காரணமாகத் தள்ளிவைக்கப்பட்டது. கதிரியக்கமுள்ள மணலை அகற்றினால் கரையில் கதிர்வீச்சு குறையும் என்பது நிறுவனத்தின் வாதம். கரை அரிக்கும், வீடும் தொழிலும் போகும், நோய் பெருகும் என்பது மீனவ மக்களின் அச்சம். எந்த வாதம் சரி என்று தீர்ப்பளிக்க நான் அறிவியலாளன் அல்லேன். அதனைக் கேட்டு ஆராய்வதற்குத்தானே அக்கூட்டம்?

ஆனால் 2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், அணுக் கனிமங்களுக்கும் முக்கியக் கனிமங்களுக்குமான சுரங்கத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு அளித்தது. நாட்டின் பாதுகாப்பே காரணமாகக் கூறப்பட்டது. இதனைத் திரும்பப் பெறுமாறு அப்போதைய தமிழக முதல்வர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். எண்ணிப் பாருங்கள்! பிற நாட்டின் பிடியிலிருந்து விடுபட வேண்டும் என்பதற்காகச் சொந்த மக்களின் வாயை மூடுவது எவ்வகைப் பாதுகாப்பு? புக்கிட் மேராவின் மக்களை எவரும் முன்கூட்டிக் கேட்கவில்லை. விளைவு, எட்டாண்டு வழக்கும் மூடிய ஆலையுமே. மக்களைக் கேட்டால் காலம் கொஞ்சம் தாமதமாகலாம். கேட்காவிட்டால் திட்டமே நின்றுபோகலாம். நாட்டுக்குக் கனிமம் வேண்டும் என்பது உண்மை. அதன் சுமையைத் தாங்கப்போகிறவர்களிடம் முதலில் பேச வேண்டும் என்பதும் அதே அளவு உண்மை.

நம் வீடுகளுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு, தாய்மார்களே! உங்கள் அலமாரி இழுப்பறையைத் திறந்து பாருங்கள். பழுதான கைப்பேசிகள், சார்ஜர்கள், உப்பிய மின்கலங்கள் எத்தனை கிடக்கின்றன! அவற்றுள் கோபால்ட்டும் லித்தியமும் காந்தமும் உறங்குகின்றன. குப்பையில் எறியாதீர்கள், மின்கலத்தைப் பிள்ளைகள் உடைக்கவும் விடாதீர்கள். அனுமதி பெற்ற மின்கழிவுச் சேகரிப்பு நிலையத்திலோ, அவற்றைத் திரும்பப் பெறும் விற்பனையாளரிடமோ ஒப்படையுங்கள். நன்றாக இயங்கும் கைப்பேசியை அடுத்த ஆண்டும் பயன்படுத்துங்கள். இதனால் மட்டும் கிள்ளியூர்க் கரை காக்கப்பட்டுவிடாது. ஆயினும் நம் தேவைக்காகத் தோண்டப்படும் குழி சிறிதேனும் சிறியதாகும்.

இனி, எங்கள் அரைவை இயந்திரத்தின் கதை. அது ஓடத் தொடங்கிய முதல் வாரமே அதன் உமித் தூசி முழுவதும் அடுத்த வீட்டுக் கொல்லையில் போய் இறங்கியது. அங்கே தனியே வாழ்ந்த ஒரு மூதாட்டி, வடகம் காயவைத்து விற்றுப் பிழைப்பவர். வாரக்கணக்கில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. செய்தி தெரிந்ததும் நாஜிர் ஹஜ்ரத் அவர்கள் தாமே அவர் வீட்டிற்குச் சென்று, "பெரியம்மா, எங்களால் உங்களுக்கு நஷ்டமாகிவிட்டது, இயந்திரத்தை எடுத்துவிடுகிறோம்" என்றார்கள். அந்த அம்மையார் சொன்ன பதில் இன்றும் என் காதில் ஒலிக்கிறது: "மெஷின் வேணாம்னு நான் சொல்லலே ஹஜரத். அறுபது புள்ளைங்க சாப்பிடணுமே! வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

கேட்டோம். இயந்திரம் கொல்லையின் மறுகோடிக்கு மாற்றப்பட்டது. நடுவே ஒரு சுவரும் எழும்பியது. வீணான வடகத்திற்கு ஈடும் கொடுக்கப்பட்டது. அதன்பின் நான் ஓதி முடிக்கும்வரை அந்த இயந்திரம் ஓடியது. மூதாட்டியின் வடகமும் காய்ந்தது. தில்லியிலே திட்டம் தீட்டுவோரும் முதலில் அந்த ஒரு வார்த்தையைக் கேட்பார்களாக!