காட்டும் கருவியா? கேட்கும் கருவியா?

கல்வித் தொழில்நுட்பம் என்ற தொடரைக் கேட்டவுடன் நம்மிற் பெரும்பாலோர் மனக்கண்ணில் எழுவது ஒரு திரை. சுவரில் ஒளிரும் திரை, அதில் அசையும் படம், எதிரே இமைகொட்டாது அமர்ந்திருக்கும் பிள்ளைகள். கற்பித்தற் பயிற்சிக்காக நம் வட்டாரப் பள்ளிகளுக்குச் செல்லும் பி.எட். மாணவ மாணவியரும் இக்காட்சியை உள்ளத்திற் கொண்டே புறப்படுகின்றனர். அவர்தம் பாடக்குறிப்பேட்டில் ‘துணைக்கருவிகள்’ என்னும் தலைப்பின்கீழ் எழுதப்பெறுவன யாவை? காணொளி, படவில்லைக் காட்சி, திறன்பலகை. அனைத்தும் பிள்ளைகளுக்குக் காட்டுபவை. பிள்ளை பேசுவதைக் கேட்பதற்கென ஒரு கருவியையேனும் யான் பார்த்த ஏடுகளிற் கண்டதில்லை. இக்குறை சிறிதன்று, நம் பகுதியைப் பொறுத்தவரை மிகப் பெரிது என்பது என் துணிபு.

ஏன் நம் பகுதி எனப் பிரித்துச் சொல்கின்றேன்? வேலூர், மேல்விசாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனத் தொடரும் இத்தோல் தொழிற்பகுதி 2019ஆம் ஆண்டில் மூன்று மாவட்டங்களாகப் பிரிந்துவிட்டது. ஆயினும் வகுப்பறை ஒன்றுபோலவே இருக்கின்றது. ஒரே விசிப்பலகையில் வீட்டில் உருது பேசும் பிள்ளையும், தமிழ் பேசும் பிள்ளையும், சிற்சில ஊர்களில் தெலுங்கு பேசும் பிள்ளையும் அருகருகே அமர்கின்றனர். உருது எழுத்து வலமிருந்து இடமாகச் செல்வது. தமிழ் இடமிருந்து வலமாக. உருதுவில் ககரத்திற்கும் அதன் மெல்லொலிக்கும் தனித்தனி எழுத்துகள் உண்டு. தமிழிலோ ஒரே ‘க’ கல்லில் ஓர் ஒலியும், தங்கத்தில் வேறோர் ஒலியும், பகலில் மற்றோர் ஒலியும் பெறுகின்றது. ழகர, ளகர, ணகரங்கள் உருது நெடுங்கணக்கில் இல்லை. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் முதல் வகுப்புத் தொடங்கிப் படிப்படியாகத் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. அதனையொட்டி எழுந்த வழக்குகளையும் விலக்குகளையும் ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை. சட்டம் வந்தது, ஆனால் அப்பிள்ளையின் நா எங்கே தடுக்குகின்றது என்று யாரும் உட்கார்ந்து கேட்கவில்லை.

உருது பேசும் இல்லத்துப் பிள்ளைக்குத் தமிழ் வராது என்று சலித்துக்கொள்வோரும் நம்மிடையே உளர். அன்னாருக்கு நான் சொல்லும் விடை ஒரு பெயர்தான். உருதுக் கவிஞர் மரபில் தோன்றிய கவிக்கோ அப்துல் ரகுமான் வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரியிற் பல்லாண்டு தமிழ் கற்பித்தார். 1999இல் ‘ஆலாபனை’ நூலுக்காகச் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றார். இதற்குமேல் அவ்வழக்கில் வாதாட எனக்கு விருப்பமில்லை.

கருவி என்றால் விலையுயர்ந்த பொருள் என்னும் எண்ணத்தை முதலில் நீக்கிக்கொள்ள வேண்டும். சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கென இயங்கிய இல்லத்திற்கு 1789இல் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்து நாட்டுப் பாதிரியார் பொறுப்பேற்றார். நம் நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தரையிற் பரப்பிய மணலில் விரலால் எழுத்துப் பழகுவதை அவர் கண்டார். அம்முறையைத் தம் பள்ளியிற் புகுத்துமாறு துணையாசிரியர்களைப் பணித்தார். அவர்கள் உடன்படவில்லை. உடனே மாணவரிலேயே ஒரு சிறுவனைத் தெரிந்தெடுத்து, இளம்பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துக் கற்பிக்கும் பொறுப்பை அவனிடம் ஒப்படைத்தார். 1797இல் அவர் வெளியிட்ட அறிக்கையின் வழியே இம்முறை ‘மதராஸ் முறை’ என்னும் பெயருடன் இங்கிலாந்தெங்கும் பரவிற்று. மாணவனே ஆசிரியனாகி ஒரு கல்விக் கருவியைச் சோதித்துப் பார்த்த வரலாறு நம் மாநிலத் தலைநகரிலேயே நிகழ்ந்திருக்கின்றது; நம் பி.எட். மாணவர்க்கு இதனை எத்தனை பேர் சொல்கின்றோம்? மணலின் சிறப்பு அதன் மலிவில் மட்டும் இல்லை. எழுதுவது ஆசிரியர் விரலன்று, பிள்ளையின் விரல். பிழை உடனே கண்ணுக்குத் தெரியும். உள்ளங்கையால் தடவினால் உடனே மறையும்.

மற்றொரு செய்தியும் இங்கு நினைக்கத்தக்கது. ‘நுண்ணிலைக் கற்பித்தல்’ என்று நம் கல்லூரிகளில் நடத்துகின்றோமே, அது 1963இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் உருவெடுத்தது. சில நிமிடம் ஒரு சிறு பகுதியைக் கற்பித்தல், அதனைப் பதிவு செய்தல், பயிற்சி ஆசிரியர் தம்மைத் தாமே பார்த்துத் திருத்திக்கொள்ளல், மீண்டும் கற்பித்தல் என்பது அதன் நடைமுறை. அதாவது, ஒளிப்பதிவுக் கருவி அங்கே பிள்ளைகளுக்குப் படங்காட்ட வரவில்லை. ஆசிரியரை நோக்கித் திருப்பப்பட்டது. அக்காலத்தில் அக்கருவி நம் போன்றோர்க்கு எட்டாக் கனி. ஆதலால் கருவியை விட்டுவிட்டு, சக மாணவர் பிள்ளைகளாய் நடிக்கும் சடங்கை மட்டும் எடுத்துக்கொண்டோம். இன்று ஒவ்வொரு பயிற்சி ஆசிரியரின் கையிலும் அக்கருவி இருக்கின்றது. சடங்கோ பழையபடியே தொடர்கின்றது.

எம் துறையில் இளங்கலை முடித்துப் பி.எட். சேர்ந்த மாணவி ஒருவர், ஆம்பூர்ப் பக்கத்துப் பெண்கள் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்பிற்குக் கற்பித்தற் பயிற்சிக்குச் சென்றார். முதல் வாரம் அவரும் ழகர ஒலிப்புக்கான காணொளியைத் தம் மடிக்கணினியிற் காட்டினார். பிள்ளைகள் மகிழ்ந்தனர், வாய் திறக்கவில்லை. இரண்டாம் வாரம் வேறுவழி கண்டார். தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் ஒப்புதல் பெற்று, நண்பகல் இடைவேளையில் ஒவ்வொரு சிறுமியையும் நான்கு வரி படிக்கச் செய்து, தம் கைப்பேசியில் குரலை மட்டும் பதிந்துகொண்டார். முகம் பதியவில்லை, வேலை முடிந்ததும் பதிவுகளை அழித்தும்விட்டார். நம் பகுதிப் பெற்றோர் மனமறிந்து நடந்துகொண்ட இந்நயத்தகு நாகரிகத்தை யான் தனியே பாராட்டுகின்றேன்.

அன்றிரவு வீட்டில் அமர்ந்து கேட்டபோது தமக்கு விளங்கியதை அவர் என்னிடம் வந்து சொன்னார். ‘மழை’யை ‘மளை’ என்றவர்கள் உருது வீட்டுப் பிள்ளைகள் மட்டும் அல்லர். தமிழ் வீட்டுப் பிள்ளைகளும் அவ்வாறே ஒலித்தனர். வகுப்பறை இரைச்சலில் ஒரு சாராரின் பிழையாகத் தோன்றியது உண்மையில் எல்லார்க்கும் பொதுவானது. உருது வீட்டுப் பிள்ளைகளின் இடர் வேறிடத்தில் இருந்தது. பேச்சில் ‘பகல்’ என்று இயல்பாகச் சொல்லும் அதே சிறுமி, ஏட்டிற் படிக்கும்போது இடையிலுள்ள ககரத்தைக் ‘கல்’லில் வருவதுபோல் வல்லென ஒலித்து, தான் படித்த சொல் தான் அறிந்த சொல்லே என்பதை உணராது திகைத்தாள். காரணம் தெரிந்தபின் மருந்து எளிதாயிற்று. அவள் குரலையே அவளுக்குப் போட்டுக் காட்டினார். அவளே சிரித்துத் திருத்திக்கொண்டாளாம். தோலைத் தரம் பிரிப்பவர் விரலால் தடவிப் பார்த்தன்றோ பிரிக்கின்றார்! தொலைவில் நின்று பார்த்துத் தரம் சொல்பவரை நம் ஊர் வணிகர் யாரேனும் நம்புவரா?

இதன்பின் நடந்ததுதான் வருந்தத்தக்கது. மேற்பார்வைக்கு வந்தவர், “துணைக்கருவி ஒன்றையும் காணோமே?” என்று வினவி மதிப்பெண்ணைக் குறைத்துச் சென்றார். முதல் வாரத்துக் காணொளிக்கு நன்மதிப்பெண். இரண்டாம் வாரத்து உழைப்பிற்கு அது இல்லை. காட்சியை மட்டும் மதிப்பிடும் முறை இருக்கும்வரை எந்த இளைஞர் கேட்கும் துணிவு கொள்வார்?

திரையே வேண்டா என்பது என் கருத்தன்று. இதயம் சுருங்கி விரிவதையும் கோள்கள் சுழல்வதையும் கரும்பலகையிற் காட்டவியலாது. 2018இல் வந்த புதிய பாடநூல்களின் விரைவுக் குறியீடுகளும், 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியும் பயன்தரு முயற்சிகளே. ஆயினும் 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் நாம் கண்டதென்ன? வீட்டுக்கு ஒரு கைப்பேசி. தொழிற்கூடம் திறந்ததும் அது தந்தையுடன் புறப்பட்டுவிட்டது. அன்னையோ காலணித் தொழிற்சாலையிலிருந்து திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். வீட்டில் பிள்ளை படிப்பதை உடனிருந்து கேட்க ஆளில்லாத இல்லங்கள் இங்குப் பல. பள்ளியிலும் கேட்பாரில்லையெனின் அப்பிள்ளை யாரிடம் படித்துக்காட்டும்?

சமுதாயப் பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். நம் பகுதிக் கல்வி நிலையங்கள் பலவும் தோல் வணிகப் பெருமக்களின் ஈகையால் எழுந்தவை. அந்நன்றியை நாம் மறவோம். அண்மைக்காலத்தில் அவ்வீகை திறன்பலகையாகவும், அதன்கீழ்ப் பொறித்த பெயர்ப்பலகையாகவும் வந்துகொண்டிருக்கின்றது. இனி ஒரு பலகைக்கு ஆகும் தொகையில் ஒரு பகுதியை வேறு வகையிற் செலவிடலாகாதா? பள்ளிதோறும் இரைச்சல் புகாத ஒரு சிறு அறை, அதில் குரல் பதிவுக்கு நான்கைந்து பழைய கைப்பேசிகள், காதில் மாட்டிக் கேட்கும் கருவிகள் சில. பெயர்ப்பலகை மாட்ட அவ்வறைக்கும் கதவு உண்டு. பயிற்சி ஆசிரியர்கள் ஆண்டுதோறும் வருவர். கேட்கும் வேலையை அவர்களிடம் ஒப்படைக்கலாம். அவர்கள் கேட்டறிந்ததை ஒரு குறிப்பேட்டில் எழுதி வகுப்பாசிரியரிடம் விட்டுச் செல்லவேண்டும். அக்குறிப்பேட்டிற்கும் மதிப்பெண் வழங்குமாறு ஆசிரியர் கல்விக் கல்லூரிகளை நாம் கேட்டுக்கொள்ளலாம். உருதும் தமிழும் ஒருங்கறிந்த எம் துறை மாணவர் சிலர், அவ்வறையில் வாரத்தில் ஒரு பிற்பகல் அமர இசைந்திருக்கின்றனர். அறைதான் இன்னும் கிடைக்கவில்லை.