இரு வாசல்கள், ஒரு கூடம்



கனடாவின் கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்த ஸ்டான்ஸ்டெட், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த டெர்பி லைன் ஆகிய இரண்டும் ஒட்டி அமைந்த சிற்றூர்கள். எல்லைக்கோடு இவற்றின் நடுவே செல்கிறது. 1803ஆம் ஆண்டில் ஃப்ரீமேசன் என்னும் சகோதரச் சங்கத்தினர் இங்கே ஒரு கிளையை நிறுவி, அதற்கு ‘ஜீவனுள்ள கல்’ என்று பெயரிட்டனர். பேதுருவின் முதல் நிருபம் இரண்டாம் அதிகாரத்தை அறிந்தவர்களுக்கு அப்பெயர் புதிதன்று. அவர்கள் கூடிய கட்டடம் எல்லையின்மேலேயே இருந்தது. அவரவர் தம் நாட்டிலிருந்தே நுழையும்படி இருபுறமும் வாசல்கள் இருந்தன.

1812இல் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் போர் மூண்டது. ஒரே கூடத்தில் அமர்ந்தவர்கள் பகை நாட்டினராயினர். கனடியர் பிரிந்து சென்று தனிக் கிளை அமைத்தனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘பொன்விதி’. பிறர் நமக்குச் செய்ய விரும்புவதையே நாமும் அவர்களுக்குச் செய்யவேண்டும் என்று மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் கற்பித்த விதி அது.

நான் அச்சங்கத்தின் உறுப்பினன் அல்லன். அதன் மறைவான சடங்குகளைக் குறித்துத் திருச்சபைகள் எழுப்பிய கேள்விகள் நியாயமானவை என்றே கருதுகிறேன். எனினும், உக்கிராணக்காரனின் விவேகத்தைச் சுட்டிக்காட்டி ஒளியின் பிள்ளைகளுக்குப் பாடம் கற்பித்தவர் நம் ஆண்டவர். ஆகவே இவர்களிடமும் நாம் கற்கவேண்டியது ஒன்றுண்டு.

பிரிந்தவர்கள் பிரிந்தே போய்விடவில்லை. 1857 முதல் ‘பொன்விதி’ கிளையினர், மெம்ப்ரமேகாக் ஏரிக்கரையிலுள்ள ‘ஆந்தைத் தலை’ என்னும் மலையின்மேல் ஜூன் மாத இறுதியில் கூடும் வழக்கத்தை மேற்கொண்டனர். யோவான் ஸ்நானகனின் பிறப்பை நினைவுகூரும் ஜூன் 24ஐ ஒட்டிய காலம் அது. எல்லைக்கு அப்பாலிருந்து சகோதரக் கிளையினரும் வந்து அவர்களோடு மலையேறுகின்றனர்.

“விருந்துக்கும் புகைப்படத்துக்கும்தானே இத்தகைய வருகைகள்?” என்று சிலர் ஏளனம் செய்வதுண்டு. நான் அதை ஏற்கவில்லை. இருவாசல் கூடத்தில் சந்திப்பது எளிது. வாசல் அடைபட்டபின் மலையேறிச் சந்திப்பதே சகோதரத்துவத்தின் பரீட்சை. அதே எல்லையின்மேல் இன்றும் ஹாஸ்கெல் நூலகம் நிற்கிறது. அதன் முதன்மை வாசல் அமெரிக்கப் பக்கத்தில் உள்ளது. நெடுங்காலம் கனடியர் அதன் வழியே தடையின்றி நுழைந்தனர். 2025இல் அமெரிக்க அதிகாரிகள் அந்த வழக்கத்துக்குக் கட்டுப்பாடு விதித்தனர். வாசல்கள் அரசுகளின் கையில் உள்ளன. புறப்பட்டுச் செல்லும் மனமோ நம் கையில் உள்ளது.

யோவான் பிறக்கும் முன்னரே ஒரு வருகை நிகழ்ந்ததை நினைவுகூருங்கள். மரியாள் மலைநாட்டுக்குத் தீவிரமாய்ப் புறப்பட்டாள். அழைப்புக்காக அவள் காத்திருக்கவில்லை.

நம் நிலை என்ன? ஒரே திருவிருந்தில் பங்குபெற்ற இரு குடும்பங்கள், நிலத்தகராற்றின் பின் ஒருவர் வீட்டு வாசலை ஒருவர் மிதிப்பதில்லை. பிரிந்து சென்ற சபையின் துக்க வீட்டுக்குப் போகலாமா என்று என்னிடம் அனுமதி கேட்கிறவர்களும் உண்டு. இதற்கு அனுமதி எதற்கு? ஒரு சங்கத்தாரின் சிநேகம் எல்லையைக் கடக்குமானால், ஒரே இரத்தத்தால் மீட்கப்பட்ட நாம் ஒரு தெருவைக் கடக்கலாகாதா?

இந்த வாரம் ஒரு வீட்டை நினைத்து ஜெபியுங்கள். ஜெபித்தபின் எழுந்து அங்கே செல்லுங்கள். சமாதானத்தின் தேவன் உங்களுக்கு முன்னே செல்வாராக. ஆமென்.