வெற்று வாங்கும் இடமற்ற பிள்ளையும்

புதுக் குடிமனைகளைக் கட்டி இலாபம் ஈட்டுவோர், அங்கு வாழப்போகும் பிள்ளைகளின் பாடசாலைக் காணிக்கும் பங்கு கொடுப்பதே நீதி. கனடாவின் ஒன்ராறியோ மாகாணச் சட்டம் இதனை ஏற்றுள்ளது. காணிக்கென்றே அறவிடப்படும் கல்வி அபிவிருத்திக் கட்டணம் இதுவே. வீடு கட்டுவோர் சங்கத்தார் எதிர்த்து வழக்காடினர். 1996 இல் கனடிய உயர் நீதிமன்றம் கட்டணம் செல்லுபடியாகும் எனத் தீர்த்தது.

ஆயின், நம்மவர் பல்லாயிரவர் வாழும் ரொறொன்ரோவில் நடப்பதென்ன? கத்தோலிக்க பாடசாலைச் சபை இக்கட்டணத்தை அறவிடுகிறது. அதே நகரின் பொதுப் பாடசாலைச் சபையோ இதுவரை ஒரு சதமும் பெற்றதில்லை! காரணம் யாது? நகர் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் வகுப்புகளில் வெற்றிடம் உண்டாம்!

ஒரு கோடியில் வெறுமையாய்க் கிடக்கும் வாங்கு, மறு கோடியில் இடமின்றித் தவிக்கும் பிள்ளைக்கு எங்ஙனம் உதவும்? ஊரின் தென்கோடியில் குளம் நிரம்பியுள்ளது, வடகோடியில் கிணறு வேண்டாம் என்றால் எந்தக் கமக்காரன் ஏற்பான்?

இன்று வாங்காத காணி நாளை அடுக்குமாடியின் அடியில் மறைந்துவிடும். ஆகவே, தேவையை நகரளவில் அல்ல, பகுதி பகுதியாக அளக்கும்படி விதியைத் திருத்துக எனக் கோருகிறோம். அங்கு வாக்குரிமை பெற்ற நம் உறவினர் இக்கோரிக்கையைத் தத்தம் சட்டசபை உறுப்பினர் முன் வைப்பார்களாக!