பத்து வாட்டுக்கு ஏற்ற வூஃபர்

சென்ற மாதம் வாசகர் ஒருவர் தாம் செய்த ஒரு ஜோடி பெட்டிகளை இரண்டு துணிப்பைகளில் சுமந்துகொண்டு அலுவலகத்துக்கு வந்தார். 18 மி.மீ. பிளைவுட், விளிம்பில் நகம்கூட நுழையாத இணைப்பு. உள்ளே ரிச்சி தெருவில் வாங்கிய ஐந்தேகால் அங்குல வூஃபர். ஓட்டுவது, பக்கத்துக்கு ஒன்றாக டிடிஏ2030 ஐ.சி. வைத்த ஆம்ப். தவில் தனி ஒன்றைப் போட்டார். சத்தத்தைப் பாதிக்குமேல் ஏற்றியதும், கூடு போட்ட விரல் வலந்தலையில் விழும் ஒவ்வொரு அடியும் அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல் சப்பையாயிற்று.

“வூஃபர் 90 டெசிபெல் சார். அப்ப ஆம்ப்தானே பத்தல? நூறு வாட் போர்டு போட்டுடலாமா?” என்றார்.

போடலாம்தான். அதற்கு முன் அந்த 90 எங்கிருந்து வந்தது என்று பார்த்தோம். தாளின் அடியில் சிறிய எழுத்தில் இருந்தது: 2.83 வோல்ட், 1 மீட்டர், 4 ஓம். 2.83 வோல்ட் 8 ஓமில்தான் ஒரு வாட். 4 ஓமில் இரண்டு வாட். ஆக ஒரு வாட்டுக்கு 87. ‘4 ஓம் என்றால் ஆம்ப் கூடுதலாகத் தருமே’ என்று கேட்கலாம். அவருடைய ஆம்ப்பின் 10 வாட் என்பதே 4 ஓமில் கிடைக்கும் கணக்கு. ஒரே லாபத்தை இரண்டு முறை வரவு வைக்க முடியாது.

தாளை நம்பாமலும் கணக்குப் போடலாம். தொடரில் ஒரு 10 ஓம் ரெசிஸ்டர், கணினியின் சவுண்ட் கார்டு, அரைமணி நேரம் போதும். அந்த வூஃபருக்கு எஃப்எஸ் 55 ஹெர்ட்ஸ், வாஸ் 12 லிட்டர், கியூஇஎஸ் 0.6 வந்தது. எஃப்எஸ்ஸின் மும்மடியை வாஸால் பெருக்கி, கியூஇஎஸ்ஸால் வகுத்து, 9.64 × 10⁻¹⁰ ஆல் பெருக்கினால் செயல்திறன்: 0.32 சதவீதம். நூறு சதவீதத்துக்கு 112 டெசிபெல் என்று வைத்தால் இது 87. நூறு வாட் கொடுத்தாலும் ஒலியாவது ஒரு வாட்டில் மூன்றில் ஒரு பங்கு. மிச்சமெல்லாம் வாய்ஸ் காயிலைச் சுடவைக்கிறது.

கழிவு இத்துடன் முடியவில்லை. பெட்டியின் முகப்பு 20 செ.மீ. அகலம். 115ஐ மீட்டரிலான அகலத்தால் வகுத்தால் 575 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே ஒலி முகப்பைத் தாண்டிப் பின்னால் சுற்றிக்கொள்ளும். திறந்த வெளியில் 6 டெசிபெல் வரை போகும். அறைக்குள் மூன்று நான்கு. அதைச் சரிக்கட்ட கிராஸ்ஓவரில் பெரிய காயில் போட்டு நடு ஒலியை இறக்குகிறோம். பேஸ் ஏறுவதில்லை, மற்றதெல்லாம் பேஸுக்குச் சமமாக இறங்குகிறது. 87இல் நான்கு போக 83. இதுதான் அந்தப் பெட்டியின் உண்மையான எண்.

83இல் 10 வாட்டுக்கு 10 கூட்டினால் 93. இரண்டு பெட்டிக்கு 3 சேர்த்து 96. இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் ஏறத்தாழ 6 குறைந்து 90. இது உச்சி. தவில் அடியின் உச்சி சராசரியைவிட 20 டெசிபெல் மேலே நிற்கக்கூடும். அப்படியானால் சராசரி 70, பேச்சுச் சத்தத்தைவிடக் கொஞ்சம்தான் மேல். அதற்குமேல் ஏற்றினால் அடி வெட்டுப்படும். நூறு வாட் போட்டால் 10 டெசிபெல் ஏறும்; டிரான்ஸ்ஃபார்மர் செலவும் ஏறும், அந்தச் சின்ன வாய்ஸ் காயிலின் சூடும் ஏறும்.

ஆழமான பேஸ், சிறிய பெட்டி, கூடிய உணர்திறன்: மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். கேஎல்ஹெச் நிறுவனத்தின் பெயரில் கடைசி எழுத்துக்கு உரிய ஆன்டன் ஹாஃப்மனின் பெயரால் இதை இரும்பு விதி என்கிறோம். பெட்டி அளவை மாற்றாமல் கீழ் வரம்பை 80 ஹெர்ட்ஸிலிருந்து 40க்கு இறக்கினால் செயல்திறன் எட்டில் ஒன்றாகும். அதாவது 9 டெசிபெல் நஷ்டம். ஒலிபரப்பு வண்டிக்குள் வைப்பதற்காகப் பிபிசி வடிவமைத்த எல்எஸ்3/5ஏ சிறிய பெட்டியைத் தேர்ந்துகொண்டு, 82.5 டெசிபெல்லுக்குத் தெரிந்தே ஒப்புக்கொண்டது. அதை நகலெடுத்து ஐந்து வாட் வால்வு ஆம்ப்பில் மாட்டிவிட்டு உயிரில்லை என்று சொன்னால், பிழை வடிவமைப்பில் இல்லை.

ஐந்து முதல் பத்து வாட் வரை உள்ளவர்கள் எதை விட்டுக்கொடுப்பது? ஆழமான பேஸை என்பதே எங்கள் கட்சி. ஆறரை அல்லது எட்டு அங்குலம், இலேசான காகிதக் கோன், 8 ஓம், ஒரு வாட்டுக்கு 90க்குக் குறையாத வூஃபர், 20 முதல் 25 லிட்டர் பெட்டி, கீழே 60, 70 ஹெர்ட்ஸோடு நிறுத்தம். பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ். அதன் இரண்டாம் இசையம் 82இல் இருக்கிறது. அது தெளிவாக வந்தால் மிச்சத்தைக் காது நிரப்பிக்கொள்ளும்.

கடையில் காந்தத்தைக் கையில் தூக்கிப் பார்த்து வாங்கும் பழக்கம் நமக்கு உண்டு. கனமான காந்தம் வலுவான மோட்டார் என்று அர்த்தமில்லை. அசையும் பாகத்தின் எடைதான் பெரிய விஷயம்: மற்றவை மாறாமல் அது இரட்டித்தால் 6 டெசிபெல் போயிற்று. கார் வூஃபர்கள் பலவும் இங்கேதான் அடிவாங்குகின்றன. ட்வீட்டர் 94 என்று மயங்கவும் வேண்டாம். வூஃபரின் அளவுக்கு அதை ரெசிஸ்டர் போட்டு இறக்கத்தான் போகிறோம்.

வால்வுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. ஆம்ப்பின் வெளியீட்டு மின்மறுப்பு 2 ஓம், வாய்ஸ் காயில் 6 ஓம் என்றால், தாளில் 0.3 என்றிருக்கும் கியூஇஎஸ் நடைமுறையில் 0.4 ஆகிவிடும். பேஸ் சீக்கிரம் சரிகிறது என்று டிரான்சிஸ்டர்காரர் ஒதுக்கும் வூஃபர் உங்களுக்குப் பொருந்தலாம்.

வந்தவரின் பெட்டிகளை ஸ்டாண்டிலிருந்து எடுத்து, சுவரோடு ஒட்டிய புத்தக அலமாரியில் வைத்தோம். சுவர் பேஸைத் தாங்கிக்கொண்டதால், காயிலைச் சிறிதாக மாற்றி ஏறக்குறைய 3 டெசிபெல்லை மீட்டோம். ஆம்ப்பை இரட்டித்ததற்குச் சமம். தவில் நிமிர்ந்தது, ஆனால் கோர்வையின் உச்சத்தில் பழைய சப்பை எட்டிப்பார்த்தது. வூஃபரின் 87ஐ எந்தக் காயிலும் 90 ஆக்காது. நூறு வாட் போர்டுக்கு எடுத்துவைத்த பணத்தில் 8 ஓம் வூஃபர் பார்க்கச் சொல்லி அனுப்பினோம்.

இதில் எங்கள் பங்கும் உண்டு. இந்த இதழின் பக்கங்களிலேயே நிபந்தனை சொல்லாமல் ‘90 டெசிபெல்’ என்று அச்சிட்டிருக்கிறோம். இனி ஒவ்வொரு வடிவமைப்புக் கட்டுரையிலும் மூன்று எண்கள் இருக்கும்: ஒரு வாட்டுக்கு வூஃபரின் கணக்கிட்ட உணர்திறன், முகப்பு இழப்பு போகப் பெட்டியின் உணர்திறன், வைத்து அளந்த இடம். மூன்றும் இல்லாத கட்டுரை, பெட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும், எழுதியவருக்கே திரும்பும்.