பாக்கி வைத்தவரும் பட்டம் படிப்பவரும்

ஃபரீதாபாத்தில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறார் நண்பர். அட்டைப் பெட்டி தயாரிக்கிறார். அவருடைய மகள் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பை முடித்துவிட்டாள். மும்பையில் ஒரு சட்ட நிறுவனம் வேலைக்கு அழைத்திருக்கிறது. அதே வாரத்தில் ஒரு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் எல்எல்.எம். இடமும் கிடைத்துவிட்டது. சிறப்புப் பாடம்: வணிகச் சட்டம். வேலைக்குப் போனால் சம்பளம் வரும். படிக்கப் போனால் கட்டணம் கட்ட வேண்டும். அப்பாவுக்கு இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. "ஏற்கெனவே வக்கீல்தானே? இன்னும் எதற்கு ஒரு வருஷம்?" என்று என்னிடம் பஞ்சாயத்துக்கு வந்தார்.

அவர் கணக்கில் தவறில்லை. 1961ஆம் வருட வழக்கறிஞர் சட்டத்தின்படி கறுப்பு அங்கி மாட்ட எல்எல்.பி. போதும். எல்எல்.எம். படித்தவருக்கு நீதிமன்றத்தில் தனி உரிமை எதுவும் கிடையாது. கல்லூரியில் பாடம் நடத்துவதென்றால்தான் அந்தப் பட்டம் அவசியம். சில பொதுத்துறை நிறுவனங்கள் சட்ட அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க முதுநிலை கிளாட் மதிப்பெண்ணைப் பார்க்கின்றன. அவை பார்ப்பதும் நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணைத்தான், பட்டத்தை அல்ல.

படிப்பின் நீளத்திலேயே குழப்பம் உண்டு. முன்பு இரண்டு வருடம். 2013இல் பல்கலைக்கழக மானியக் குழு ஓராண்டுப் படிப்புக்கு வழி செய்தது. கட்டாயப் பாடம் மூன்று, விருப்பப் பாடம் ஆறு, ஓர் ஆய்வேடு. 2021 ஜனவரியில் பார் கவுன்சில் இந்த ஓராண்டுப் படிப்பை ஒழிக்க விதி கொண்டுவந்தது. விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. படிப்பு நடந்துகொண்டுதான் இருக்கிறது.

அப்படியானால் படிப்பதில் என்ன லாபம்? 1991க்குப் பிறகு வந்த சட்டங்களை வரிசையாகப் பாருங்கள். 1992இல் செபி சட்டம், 1996இல் சமரசத் தீர்வுச் சட்டம், 2002இல் போட்டிச் சட்டம், 2013இல் புதிய கம்பெனிச் சட்டம், 2016இல் திவால் சட்டம், 2017இல் ஜிஎஸ்டி. எல்எல்.பி. மாணவர் இவற்றைத் தனித்தனி டப்பாக்களாகப் படித்துத் தேர்வு எழுதுகிறார். சிக்கல் முளைப்பதோ, ஒரு டப்பா இன்னொன்றோடு மோதும்போது.

இதற்கு உதாரணம் தேடி நான் எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. நண்பரே உதாரணம். அவர் பெட்டி கொடுத்துவந்த ஒரு பெரிய கம்பெனி திவாலானது. அவருக்கு வர வேண்டியது முப்பது லட்சத்துக்கு மேல்.

2006ஆம் வருடச் சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் அவருக்குப் பெரிய நம்பிக்கை தருகிறது. 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும்; தவறினால் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஆனால், கம்பெனி மீது திவால் நடவடிக்கை தொடங்கிவிட்டால் மற்ற வசூல் வழக்குகள் எல்லாம் அப்படியே நிற்கும். கம்பெனியின் தலைவிதியைத் தீர்மானிக்கிற கமிட்டியில் வங்கிகள் ஓட்டுப் போடும். சரக்கு கொடுத்தவருக்கு ஓட்டு இல்லை. அடமானம் வைத்திருப்பவர்கள் எடுத்ததுபோக மிஞ்சுவதில்தான் அவருக்குப் பங்கு. பல சமயம் மிஞ்சுவது ஒன்றுமில்லை. அவரே முந்திக்கொண்டு திவால் மனு போட்டிருக்கலாமே என்றால், 2020 மார்ச்சில் அதற்கான குறைந்தபட்ச பாக்கியை ஒரு லட்சத்திலிருந்து ஒரு கோடியாக உயர்த்திவிட்டார்கள்.

இந்தப் பாகுபாடு சரிதான் என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கம்பெனி பிழைக்குமா என்று எடைபோடும் திறன் வங்கிக்கு உண்டு, சரக்கு கொடுத்தவருக்குத் தன் பில் தொகைதான் குறி என்பது அதன் வாதங்களில் ஒன்று. அதே வருடம் எஸ்ஸார் ஸ்டீல் வழக்கில் எல்லோருக்கும் சம விகிதத்தில் பங்கு என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னதையும் நவம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தர்க்கம் வலுவானதுதான். ஆனால் வங்கி அடமானம் வாங்கிக்கொண்டு கடன் கொடுக்கிறது. நண்பர் நம்பிக்கையின் பேரில் கொடுத்தார். ஒரு சட்டம் வட்டியோடு தருவேன் என்கிறது. இன்னொரு சட்டம் வரிசையின் கடைசிக்குப் போ என்கிறது. இரண்டையும் ஒரே மேஜையில் வைத்துக் கேள்வி கேட்க, வழக்கு நடத்தும் வக்கீலுக்கு நேரமில்லை. அந்த நேரத்தைக் கொடுப்பதுதான் எல்எல்.எம்.

கொடுக்கிற நேரத்தை எல்லோரும் பயன்படுத்துவதில்லை என்பதும் உண்மை. நீதிபதித் தேர்வுக்கும் ஐஏஎஸ்ஸுக்கும் படிப்பவர்கள் அதைக் காத்திருப்பு அறையாக்கிக்கொள்கிறார்கள். கடைசி மாதத்தில் ஒட்டுப் போட்டுத் தைத்த ஆய்வேடுகள் நூலகத்தில் தூங்குகின்றன. எனவே சேரும் முன் பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் பாடத்தை நடத்துவது யார், ஆய்வேட்டை உட்கார்ந்து படிக்க அவருக்கு நேரமிருக்கிறதா என்று விசாரியுங்கள். கையில் கேள்வி இல்லையென்றால் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு வாருங்கள். கேள்வி தானாகக் கிடைக்கும்.

நண்பரின் மகளிடம் கேள்வி இருந்தது. "அப்பா கேஸைத்தான் எழுதப்போறேன் அங்கிள், அவர்கிட்ட இன்னும் சொல்லலை" என்றாள். நான் சொல்லிவிட்டேன். நண்பர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு உள்ளே போய் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். அவர் பட்டறையில் செய்த பெட்டிதான். உள்ளே, பணம் வராத பில்கள் தேதி வாரியாக அடுக்கப்பட்டிருந்தன.