சிறு விமானத்தின் பலகணியும் கண்ணாடி என்னும் மயக்கமும்

கொல்கத்தாவின் தென்பகுதியிலுள்ள லேக் கார்டன்ஸுக்குத் தென்கிழக்கே, யாதவ்பூரில், 1950-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற மத்தியக் கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மேற்கே சுமார் 6 கிலோமீட்டர் தொலைவில், விமானப் பயிற்சிக்கென நெடுங்காலமாக அறியப்பட்ட பேஹாலா விமானத் திடல் உள்ளது. பயிற்சி விமானங்களின் பலகணிகளிலோ கண்ணாடி பெரும்பாலும் இல்லை, இருப்பது பிளாஸ்டிக். ஆயினும் பார்ப்போர் அனைவரும் அதைக் கண்ணாடி என்றே கூறுவர். பேச்சுவழக்கில் இதனால் குறைவொன்றுமில்லை. பழுதுபார்க்கும் கொட்டகையிலும் அவ்வாறே எண்ணுவதுதான் தீங்கு விளைவிக்கிறது.

இப்பிளாஸ்டிக் அக்ரிலிக் வகையைச் சேர்ந்தது. 1930-களில் இங்கிலாந்தில் பர்ஸ்பெக்ஸ் என்றும், ஜெர்மனியில் பிளெக்ஸிகிளாஸ் என்றும் விற்பனைக்கு வந்தது. எடையில் கண்ணாடியின் பாதியே. வேண்டிய வடிவில் வளைக்கலாம். பெங்களூரில் உருவாகி 1958-இல் முதன்முறையாகப் பறந்த ‘புஷ்பக்’ போன்ற சிறு விமானங்களுக்கு இதைவிடத் தக்க பொருள் கிடைப்பதரிது.

ஆனால் இதன் குணங்கள் வேறு. உஷ்ணத்தால் அக்ரிலிக் விரியும் அளவு அலுமினியத்தைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு. 1 மீட்டர் நீளமுள்ள தகடு, மார்கழி விடியற்காலையின் குளிரிலிருந்து நண்பகல் வெயிலில் 40 பாகை சூடேறினால், சுமார் 2.8 மில்லிமீட்டர் நீளும். அதைத் தாங்கும் அலுமினியச் சட்டம் 0.9 மில்லிமீட்டரே நீளும். எஞ்சிய நீட்சிக்கு இடம் எங்கே? துளைகளைத் திருகாணியின் பருமனைவிடப் பெரியவையாக இடுவதும், நட்டை இறுக்கியபின் ஒரு முழுச்சுற்றுத் தளர்த்துவதும், விளிம்பில் ரப்பரோ ஃபெல்ட்டோ வைப்பதும் இதற்காகவே. இறுக்கமே உறுதி என்று பழகிய கைக்கு இது எளிதில் உடன்படுவதில்லை. நன்கு இறுக்கிய பலகணியே முதலில் வெடிக்கிறது.

துடைப்பதிலும் இதே மயக்கம் உண்டு. வீட்டுக் கண்ணாடிக்கான அம்மோனியா கலந்த திரவம், பெட்ரோல், அஸிட்டோன், வர்ணம் கலக்கும் தின்னர் ஆகியவை அக்ரிலிக்கில் மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கும். உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். மின்னூட்டம் ஏறித் தூசியும் ஒட்டும். நிறையத் தண்ணீர், சிறிது மென்சோப்பு, மோதிரமில்லாத வெறுங்கை: இவையே போதும்.

மயிரிழை வெடிப்புகள் பரவிய பலகணியை மாற்றாமல் தள்ளிப்போடுவதற்குச் சொல்லப்படும் காரணம், ‘பார்வை தெரிகிறதே’ என்பது. விமானம் கொட்டகையில் நிற்கும் நாளெல்லாம் பயிற்சிக்கு நட்டமே. ஆகவே இவ்வாதம் முற்றிலும் நியாயமற்றதன்று. எனினும் நிழலில் நின்று நோக்குவோருக்குத் தெரியாத வெடிப்புகள், மாலையில் தாழ்ந்த சூரியனை எதிர்நோக்கி இறங்கும்போது ஒளியைச் சிதறடித்துப் பலகணி முழுவதையும் வெண்திரையாக்கிவிடும். ஓடுபாதை தெரியவேண்டிய நேரமும் அதுவே. தனியே விமானம் ஓட்டத் தொடங்கிய மாணவனிடம் அச்சோதனையை விட்டுவைப்பது சிக்கனமாகாது.

மாற்றும் வேலையில் மற்றோர் இடர் உண்டு. கழற்றிய பழைய துண்டையே மாதிரியாகக் கொள்வது நம் தொழிலாளரிடம் ஊறிய வழக்கம். 1990-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள், பர்மிங்ஹாமிலிருந்து மலாகாவுக்குச் சென்ற பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானமொன்றின் முகப்புப் பலகணி, சுமார் 17,000 அடி உயரத்தில் பறந்துபோயிற்று. விமானத் தலைவரின் உடல் பாதி வெளியே இழுக்கப்பட்டது. சிப்பந்திகள் பற்றிக்கொண்டதால் உயிர் தப்பினார். புறப்படுவதற்குச் சற்று முன்னரே அப்பலகணி புதிதாகப் பொருத்தப்பட்டிருந்தது. அதன் 90 திருகாணிகளில் 84 உரிய விட்டமில்லாதவை. பழைய ஆணியுடன் கண்மதிப்பால் ஒப்பிட்டு எடுக்கப்பட்டவை. அப்பழைய ஆணிகளே பெரும்பாலும் உரிய அளவினவல்ல என்பதும் விசாரணையில் வெளிப்பட்டது. அது உள்ளழுத்தம் மிகுந்த பெரிய ஜெட் விமானம். பயிற்சி விமானத்தில் அத்தகைய அழுத்தம் இல்லை. எனினும் பிழை தோன்றிய வழி ஒன்றே. தகட்டின் கனம், ஆணியின் எண், துளையின் அளவு ஆகியவை தயாரிப்பாளரின் நூலிலிருந்தே வரவேண்டும். நம் நாட்டில் உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் சான்றளித்த பின்னரே விமானம் பறக்கலாம் என்னும் விதியின் கருத்தும் இதுவே. அக்கையொப்பம் சடங்காகிவிட்டால் விதியினால் பயனில்லை.

தொழிற்பயிற்சி நிலையங்களில் உலோகத்தை அறுப்பதும் துளைப்பதும் மாதக்கணக்கில் கற்பிக்கப்படுகின்றன. பிளாஸ்டிக்கிற்கு ஒரு பிற்பகலேனும் ஒதுக்கலாகாதா? உலோகத்திற்குத் தீட்டிய துளையூசி அக்ரிலிக்கைக் கவ்விப் பிளந்துவிடும் என்பதை, ஒரு துண்டு வீணானால் மாணவன் தானே கண்டுகொள்வான். பள்ளி ஆசிரியர் இதனினும் எளிய சோதனை ஒன்றைச் செய்து காட்டலாம். ஒரே அளவுள்ள இரண்டு அக்ரிலிக் பட்டைகளில் ஒன்றைச் சற்றே வளைத்துப் பிணைத்து, மற்றதை மேசைமேல் வைத்து, நெருப்பில்லா இடத்தில் இரண்டின்மேலும் எரிசாராயம் தோய்த்த பஞ்சை ஒற்றவேண்டும். வளைந்த பட்டையின் இழுபட்ட புறத்தில் குறுக்கே வெடிப்புகள் விரைவில் தோன்றும். மேசைமேல் கிடக்கும் பட்டை தெளிவாகவே இருக்கும்.